மருந்து மேல தப்பா, பிரிச்ச கை மேல தப்பா?

மக்களே, பி.காம். படிக்கிறவனுக்கு ஆன்டிபாடி பத்தி என்ன தெரியும்னு கேக்காதீங்க. இது விலை பத்தின விஷயம், அதனால நானும் பேசலாம் :)

வி.இ.ஜி.எஃப். என்பது உடம்புல புது ரத்தக்குழாய் வளர வைக்கிற புரதம். அதைக் கட்டிப்போட அமெரிக்காவின் ஜெனன்டெக் கம்பெனியில எலியிலிருந்து ஒரு ஆன்டிபாடி எடுத்தாங்க. முதல்ல அது வெறும் ஆராய்ச்சிக்கூடச் சரக்கு. அதை மனுஷனுக்கு ஏத்தபடி மாத்தினதுதான் அவாஸ்டின். 2004ல அங்க புற்றுநோய்க்கு அனுமதி கிடைச்சது. அதே தாய் ஆன்டிபாடியோட ஒரு துண்டை மெருகேத்தி லூசென்டிஸ்னு பேர் வச்சு, 2006ல கண்ணுக்கு அனுமதி வாங்கினாங்க. அவாஸ்டினைக் கண்ணுக்குன்னு கம்பெனி அனுமதியே கேக்கல. ஏன்? கணக்கைப் பாருங்க.

அவாஸ்டின் சின்னக் குப்பி 4 மி.லி. கண்ணுக்கு ஒரு தடவை 0.05 மி.லி. போதும். சேதாரம் போனாலும் ஒரு குப்பியில பல பேருக்குப் பார்வை. வயசாகி விழித்திரை கெட்டவங்களை வச்சு அமெரிக்க அரசு செலவுல நடந்த சோதனையில, பார்வையைக் காப்பாத்துறதுல ரெண்டும் சமம்னு 2011ல முடிவு வந்தது. அப்ப அங்க லூசென்டிஸ் ஊசி சுமார் 2000 டாலர், பிரிச்ச அவாஸ்டின் சுமார் 50 டாலர். 2013ல உலக சுகாதார நிறுவனமே அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இதைக் கண்ணுக்குன்னு சேர்த்துருச்சு.

"பிரிச்சா கிருமி சேரும், ஆபத்து"ங்கிறாங்க. உண்மைதான். 2016 ஜனவரியில குஜராத்துல சிலருக்குப் பார்வை பாதிச்சதும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விட்டது. டாக்டர்கள் எதிர்த்ததும் மார்ச்சுல வாபஸ். 2023ல பாகிஸ்தான் பஞ்சாப்ல பிரிச்சு வித்த ஊசியால பல பேர் பார்வை போச்சு.

ஆனா இது மருந்தோட குத்தமா? அந்தக் குப்பியில கெடாம இருக்கச் சேர்க்கிற ரசாயனம் எதுவும் கிடையாது. 2 முதல் 8 டிகிரிக்குள்ள, வெளிச்சம் படாம வைக்கணும். உறைய விடக்கூடாது, குலுக்கக்கூடாது. கிருமியில்லாத அறையிலதான் பிரிக்கணும். இதுல ஒண்ணை விட்டாலும் கண்ணுதான் போகும்.

எங்க ஏழாயிரம்பண்ணையில மருந்துன்னாலே வெடிமருந்துதான். கலந்த மருந்தை ராத்திரிக்கு மிச்சம் வைக்காதேன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். விதியை மீறுற செட்டுலதான் வெடிக்குது. மருந்து என்ன பண்ணும்?

சர்க்கரையால கண்ணு மங்கின ஒரு கூலித் தொழிலாளிக்கு ஒரு ஊசியோட முடியாது, மாசக்கணக்குல போடணும். இந்தியாவுல 2015லயே லூசென்டிஸுக்கு நகல் மருந்து வந்து விலை இறங்குச்சு, நல்லதுதான். ஆனா தினக்கூலிக்கு அதுவும் பாரம்தான்.

அதனால தடை கேக்காதீங்க, மருந்து பிரிக்கிற அறையைக் கேளுங்க. ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலயும் அப்படி ஒரு அறை, கரண்ட் போனாலும் குளிர் குறையாத ஃபிரிட்ஜ், வெப்பநிலை எழுதுற நோட்டு, ஊசி மேல குப்பியோட எண்ணும் தேதியும். செலவு அவ்வளவுதான். கண்ணுக்கு முன்னாடி இது ஒரு காசா?