தடுப்பதும் அதுவே, குத்துவதும் அதுவே

போன ஆடியில், கள்ளக்குறிச்சியில் எங்கள் பக்கத்து மாரியம்மன் திருவிழாவில் பிள்ளைகள் சிலம்பம் ஆடினார்கள். கம்பு முடிந்ததும் ஒரு சிறுமி மான்கொம்பை எடுத்தாள். என்னோடு நின்ற நண்பர், "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குங்க கத்தி?" என்றார். அவருக்குச் சொன்ன பதிலை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

மான்கொம்பு வெறும் கத்தி இல்லை. எதிரெதிர்ப் பக்கம் நீளும் இரண்டு கொம்புகளைக் குறுக்கே இணைத்து, நடுவில் பிடித்துக்கொள்வது. 'மடு' என்றும் சொல்வார்கள். சிலவற்றில் கைக்கு முன்னால் சிறு கேடயமும் இருக்கும். வரும் அடியைத் தடுப்பதும் அதுதான், குத்துவதும் அதுதான்.

இரண்டு ஆயுதங்களை ஒன்றாக்கும் ஆசை எல்லா நாட்டிலும் இருந்தது. வட இந்தியாவில் கட்டாரியின் இரு பக்கமும் கைத்துப்பாக்கி பொருத்தினார்கள். பார்க்க அழகு. ஆனால் குழலுக்கு ஒரு குண்டுதான். வெடித்துவிட்டால் அப்புறம் கட்டாரிக்கு அது சுமை. ஐரோப்பாவில் முதலில் வந்த பயனெட்டைத் துப்பாக்கிக் குழலுக்குள்ளேயே செருகினார்கள். செருகினால் சுட முடியாது. 1689-ல் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கிப் போரில், சிப்பாய்கள் அதைச் செருகி முடிப்பதற்குள் எதிரிகள் மேலே வந்து விழுந்துவிட்டார்கள். குழலுக்கு வெளியே மாட்டும் வகை வந்த பிறகுதான் பயனெட் உருப்பட்டது.

மடுவில் இந்தத் தொல்லை இல்லை. தடுக்கிற கையே குத்துகிறது. நடுவில் மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை. தன்னைக் காத்துக்கொள்ளப் பெண் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எது?

சொல்லித்தரும் ஆசான்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, வேகமாகச் சுழற்றுவதோடு நிறுத்தாதீர்கள். பதக்கத்துக்கு வீச்சு போதும், ஆபத்துக்குத் தடுப்புதான் உதவும். அதை முதலில் சொல்லிக்கொடுங்கள்.

இரண்டு, கொம்பு இரும்பாகவே இருக்கட்டும். பழைய மடுவுக்கு வெளிமான் கொம்பைத்தான் பயன்படுத்தினார்கள். வெளிமான் கொம்பை உதிர்ப்பதில்லை. ஒரு ஜோடி கொம்பு என்றால் ஒரு மான் செத்தது என்று அர்த்தம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த மானைக் கொல்வது குற்றம். புள்ளிமான் கொம்பை உதிர்க்கும்தான். ஆனால் கல்வராயன் மலைக் காட்டில் அது கீழே கிடந்தாலும் எடுத்து வரக் கூடாது. "அழகுக்கு ஒரு ஜோடி கிடைக்குமா?" என்று மலைக்காரர்களிடம் கேட்டு அவர்களை வழக்கில் மாட்டிவிடாதீர்கள்.

அந்தச் சிறுமியின் கையில் இருந்ததும் இரும்புதான். ஆட்டம் முடிந்ததும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.