எஸ்எஸ்டிக்கு எதற்கு டிஃப்ராக்?

மாதம் ஒருமுறை ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்து, டிஃப்ராக் ஓட்டினால்தான் வீட்டுக் கணினி வேகமாக இருக்குமாம். நண்பரின் இந்த யோசனை சுழலும் ஹார்ட் டிஸ்க் காலத்தோடு நின்றுவிட்டது. சிதறிக் கிடக்கும் கோப்பைத் தேடி அங்கே படிக்கும் முனை அலைய வேண்டும். டிஃப்ராக் அந்த அலைச்சலைக் குறைத்தது. எஸ்எஸ்டியில் அலைய எதுவுமில்லை. அதன் செல்களில் இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு வேறு உண்டு; டிஃப்ராக் அதை வீணாகச் செலவழிக்கும். எஸ்எஸ்டிக்கு வேண்டிய டிரிம் வேலையை, அதாவது நீக்கிய கோப்புகளின் இடம் காலி என்று அதற்குச் சொல்வதை, விண்டோஸ் தானே பார்த்துக்கொள்கிறது.

ரெஜிஸ்ட்ரி கிளீனர் இன்னும் மோசம். பழைய பதிவுகள் சில நூறு போவதால் வேகம் கூடாது; தேவையான ஒன்று சேர்ந்து போனால் கணினி எழாமலே போகலாம். இவற்றை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. 2017-இல் சிகிளீனர் என்ற துப்புரவு மென்பொருளின் ஒரு பதிப்புக்குள்ளேயே தீநிரல் புகுந்து, லட்சக்கணக்கான கணினிகளுக்குப் போனது. துடைக்க வந்ததே அழுக்கு!

விசிறியில் அடைந்த தூசியைப் பற்றி நண்பர் மூச்சுவிடவில்லை. சூடேறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 'கணினி மெதுவாகிவிட்டது' என்ற புலம்பல் பல வீடுகளில் அங்கேதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததையும் அவர் சொல்லவில்லை. பேக்கப்? அதற்கும் ஒரு வரி இல்லை.