எந்தக் குழாயின் நீர்?

வீட்டுக் குழாயில் வரும் நீரை அப்படியே அருந்தலாமா என்னும் வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூறுவோர் இன்று மிகுந்துள்ளனர். கேன் தண்ணீர் விற்போர் கூடாது என்கின்றனர். நகராட்சியினர் அருந்தலாம் என்கின்றனர். இருசாரார் கூற்றையும் எடைபோடுமுன் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய வேறொரு வினா உண்டு. எந்தக் குழாய்? தெருவில் நகராட்சி பதித்த குழாயா, நம் வீட்டு மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கு இறங்கும் குழாயா? இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துப் பழகிவிட்டமையால், ஒன்றன் குற்றத்தை மற்றொன்றன்மேல் ஏற்றி வருகிறோம்.

பாலாற்றுப் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இது வெறும் சுகாதார வினா அன்று. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் நம் மக்களுக்குச் சோறிட்டது; பள்ளிவாசல்களையும் மதரஸாக்களையும் கல்விக்கூடங்களையும் எழுப்பிய கொடையில் பெரும்பங்கு அத்தொழிலின் ஈட்டமே. அதே தொழில் நிலத்தடி நீரை உப்பாக்கியது என்பதையும் மறைப்பதற்கில்லை. பச்சைத் தோல் அழுகாதிருக்க அதன்மேல் இடப்படும் உப்பு, பதனிடுமுன் கழுவப்படும்போது கழிவுநீரோடு சேர்ந்து வெளியேறுகிறது. சாணமும் தழையும் போல அது மக்கிப் போவதில்லை. மண்ணில் இறங்கிக் கிணற்றில் தங்கிவிடுகிறது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டுத் திங்களில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதை எடுத்துரைத்தது. மாசு செய்தவரே அதன் விலையைத் தரவேண்டும் என்னும் நெறியையும் நிலைநாட்டியது. அதன்பின் ஒரு தலைமுறைக் காலம் கடந்து, 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்று மாசுக்காக மீண்டும் இழப்பீட்டு ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. இதனைப் படிக்கும் பெரியோர்களில் சிலர்க்கு இவ்வரிகள் கசக்கலாம். கிணற்று நீர் அதனினும் கசக்கிறது.

ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் முகந்த நம் கரைக்கு இப்போது மேட்டூரிலிருந்து காவிரி நீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியே வந்து சேர்கிறது. 2019-ஆம் ஆண்டு சென்னை ஏரிகள் வறண்டபோது, அவ்வாண்டு ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்திற்கு, ஒரு வண்டிக்கு 25 இலட்சம் லிட்டர் என இரயிலேற்றி அனுப்பப்பட்டது இந்தக் காவிரி நீர்தான். தலைநகரம் வரிசையில் நின்று வாங்கிய நீரை, அது வாயிலில் வந்து விழும் ஊரிலுள்ள நாம் பாத்திரம் துலக்கப் பயன்படுத்திவிட்டுக் குடிப்பதற்குக் கேன் வாங்குகிறோம். இதனை எண்ணும்போது வியப்பதா வருந்துவதா எனத் தெரியவில்லை.

தெருக் குழாய் நீரில் மருந்து வாடை அடிக்கிறது என்பது பலர் கூறும் முதற்குறை. அவ்வாடை குளோரினுடையது. நீரேற்று நிலையத்தில் கிருமிகளைக் கொன்றபின்னும் சிறிதளவு குளோரின் நீரில் எஞ்சி நின்று, வழியில் புகும் கிருமிகளையும் எதிர்க்க வேண்டும் என்பதே ஏற்பாடு. இந்தியத் தர நிர்ணயத்தின்படி வீட்டுக் குழாயை எட்டும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் எஞ்சியிருத்தல் வேண்டும். வாய் அகன்ற பாத்திரத்தில் சிறிது நேரம் திறந்து வைத்தால் வாடை பெரிதும் அகன்றுவிடும். ஆகவே இலேசான மருந்து வாடை அஞ்சத்தக்கதன்று. காவலன் இன்னும் விழித்திருக்கிறான் என்பதற்கு அது அடையாளம். என்றும் வாடையே இல்லாத குழாய் நீரைத்தான் ஐயுற வேண்டும்.

இங்கே மார்க்க நூல் பயின்ற மாணவர்க்கு ஓர் ஐயம் எழலாம். நீரின் தூய்மைக்கு நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றையும் அளவுகோலாகக் கொள்வது ஃபிக்ஹு மரபு. ஷாஃபிஈ நூல்கள் இரண்டு குல்லத் அளவுக்குக் குறையாத நீரைப் பெருநீர் என்றும், அசுத்தம் விழுந்து இம்மூன்றில் ஒன்று மாறினாலன்றி அது கெடாது என்றும் கூறுகின்றன. ஹனஃபீ நூல்கள் பத்து முழத்துக்குப் பத்து முழம் என ஹவுளின் பரப்பை வகுத்தன. உளூவுக்கு இவை தெளிவான அளவுகோல்களே. இவற்றில் குறை காண நாம் முற்படவில்லை. ஆயினும் உளூவுக்குத் தகுந்த நீரெல்லாம் பருகத் தகுந்ததாகிவிடும் என இவற்றிலிருந்து முடிவு கட்டுவது பொருந்தாது. வாந்திபேதிக் கிருமிக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. 1854-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ப்ராட் தெருவின் அடிகுழாயால் காலரா பரவியதை ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் ஆராய்ந்து காட்டினார். அத்தெருவைவிட்டுத் தொலைவில் குடிபெயர்ந்திருந்த ஒரு கைம்பெண், அக்குழாய் நீரின் சுவையை மறக்க இயலாமல் நாள்தோறும் அதனைத் தருவித்துப் பருகி வந்தார், அந்நோயிலேயே மாண்டார். நாவின் சான்றை மட்டும் நம்புவோர்க்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டா.

இனி, நீர் எங்கே கெடுகிறது என்பதைக் காண்போம். பெரும்பாலும் அது புறப்படும் இடத்தில் கெடுவதில்லை, வழியில் கெடுகிறது. நம் ஊர்களில் நீர் நாள் முழுதும் வருவதில்லை. சில மணி நேரம் வந்து நின்றுவிடுகிறது. நின்றபின் குழாயினுள் அழுத்தம் குறைய, விரிசல்கள் வழியே சுற்றியுள்ள சாக்கடை நீர் உள்ளே கசிகிறது. அடுத்த முறை திறந்தவுடன் கலங்கலாக வரும் நீர் அதனையும் உடன் கொணர்கிறது. இப்போதாமையை மேலும் பெருக்குவது நம்மவர் செயல். தெருக் குழாயோடு நேரே மின்மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சும் வீடுகள் எத்தனை! உறிஞ்சும் விசை நீரை மட்டுமன்று, விரிசலுக்கு வெளியே நிற்பதனையும் இழுக்கும். விதிக்கு முரணான இச்செயலைச் செய்வோர் பெரும்பாலும் வசதி படைத்தவர். அதன் பயனை நுகர்வோர் மோட்டார் வாங்க இயலாத அண்டை வீட்டார்.

இத்தனையையும் கடந்து நல்ல நீரே வந்தாலும், வீட்டினுள் அதற்கு நேர்வதை என்னென்பது? கழிவுத் தொட்டிக்கு அருகிலேயே மண்ணுக்கடியில் நீர்த்தொட்டி. அதன் மூடி தரைமட்டத்தில். மழை பெய்தால் முற்றத்து நீர் உள்ளே. காவிரி நீர் போதாதபோது ஆழ்குழாய்க் கிணற்றின் உப்பு நீரையும் அதே தொட்டியில் நிரப்புகின்றனர். இரண்டும் கலந்து மாடிக்கு ஏறி, கழுவிப் பல ஆண்டுகளான தொட்டியில் தங்கி, எஞ்சிய குளோரினையும் இழந்து கீழே இறங்குகிறது. அதனைச் சுவைத்துப் பார்த்து, நகராட்சித் தண்ணீர் சரியில்லை என்கிறோம்!

இக்கலவையைக் காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் உப்பின் செறிவு சற்றுக் கூடவே செய்யும். உப்பை நீக்கும் ஆற்றல் ஆர்.ஓ. கருவிக்கு உண்டு என்பது உண்மையே. உவர்நீர் ஒன்றே கதியென்றுள்ள இல்லங்களுக்கு அது தேவையும் ஆகும். ஆனால் வீட்டுக் கருவிகள் ஒரு குடம் நல்ல நீருக்கு இரண்டு மூன்று குடம் நீரைக் கழித்துத் தள்ளுகின்றன. பிரித்தெடுத்த உப்பு அக்கழிவு நீரோடு மீண்டும் இதே மண்ணுக்குத்தான் செல்கிறது. கேன் நீரும் வானிலிருந்து இறங்குவதன்று. அதில் பெரும்பகுதி நிலத்தடி நீரை இதே முறையில் வடித்தெடுத்தது. கேன் கழுவப்பட்டதா என்பதை நாம் பார்ப்பதுமில்லை.

இதனினும் நம்மை வருத்துவது வேறொன்று. வாங்கும் வசதியுடையோர் கேனுக்கு மாறியபின், தெருக் குழாயைப் பற்றிக் கேட்பார் இல்லாது போயினர். கலங்கல் நீர் வந்தால் நகராட்சியில் சென்று வாதாடும் செல்வாக்குடைய குரல்கள் அடங்கிவிட்டன. கேன் வாங்க இயலாத கூலித் தொழிலாளியின் குழந்தை அந்நீரைக் குடிக்கிறது.

நம் செல்வர்கள் ஈகையில் குறைந்தவர் அல்லர். பள்ளிவாசல் வாயிலில் ஆர்.ஓ. எந்திரம் அமைத்துப் பெற்றோர் பெயரால் நிலையான தருமமாக விடுவது இன்று பெருகி வருகிறது. அது நன்றே. ஆயினும் மதீனா நகரில் ரூமா கிணற்று நீரை மக்கள் விலைக்கு வாங்கி இடர்ப்பட்ட காலத்தில் உஸ்மான் (ரலி) அவர்கள் செய்தது யாது? நீரை வாங்கி வழங்கவில்லை. கிணற்றையே வாங்கி எல்லார்க்கும் பொதுவாக்கினார்கள். ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையார் ஹாஜிகளுக்குத் தோல்பைகளில் நீர் நிரப்பித் தருவதோடு அமையவில்லை. மக்காவுக்குக் கால்வாயே அமைத்தார். நம் காலத்துக் கிணறும் கால்வாயும் தெருவில் புதைந்துள்ள அக்குழாயே.

ஜமாஅத்துகள் விரும்பினால் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நோன்பு தொடங்குமுன் பள்ளிவாசலுக்கு வெள்ளையடிக்கும்போதே முஹல்லாவின் தொட்டிகளையும் கழுவச் செய்யலாம். குடிப்பதற்கென ஒரு குழாயை மாடித் தொட்டிக்குச் செல்லாமல் தெரு இணைப்பிலிருந்து நேரே சமையலறைக்குக் கொணரலாம், செலவு சிறிது. எஞ்சிய குளோரினை அறியும் சோதனை மிக எளிது: குழாய் நீரில் சில துளி மருந்து விட்டால் மஞ்சள் நிறம் தோன்றும், தோன்றாவிடில் குளோரின் இல்லை. நம் வேதியியல் மாணவர்கள் இதனை வாரந்தோறும் தெருத்தெருவாகச் செய்து, முடிவைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதலாம். கிருமியும் உவர்ப்பும் அறியக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடங்கள் உள்ளன. தெருக் குழாயிலிருந்து ஒன்றும், மாடித் தொட்டிக் குழாயிலிருந்து ஒன்றுமாக இரண்டு பாட்டில்களை அங்கே கொடுத்துப் பாருங்கள். சோதனை முடிவு தெரியும்வரை காய்ச்சிக் குடிப்பதே தக்கது. கைக்குழந்தை உள்ள வீடுகளில் அதற்குப் பின்னும்.