இறங்கிக்கிறேன்பா

பள்ளி நாளில் ஏழு மணிக்கு எழுப்பினாலே சிணுங்கும் பிள்ளையை, ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு எழுப்பிப் பல் தேய்க்க வைக்கிறோம். அடுப்படியில் எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் டப்பாவில் ஏறுகின்றன. பாட்டிக்கு ஒரு மடக்கு நாற்காலி, குட்டிக்கு மாற்றுத் துணி. வாசலில் அப்பா டார்ச் வெளிச்சத்தில் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறார். இழுவைக் கயிறு, ஷேக்கிள், காற்றடிக்கிற கம்ப்ரசர், மண்வெட்டி எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார். கோவைக்கு வெளியே செம்மண் காட்டில், சாலையில்லாத மேடு பள்ளத்தில் ஜீப் ஓட்டும் ஆஃப்-ரோடு நிகழ்ச்சி. குடும்பத்தோடு வரலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள்.

இவ்வளவையும் சரிபார்த்த நாம், பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டோமா? "மேட்டுல ஏறும்போது வண்டிக்குள்ள உட்கார உனக்கு இஷ்டமா, இல்ல வெளியில நின்னு பார்க்கிறியா?" என்று எத்தனை வீட்டில் கேட்கிறோம்?

இந்த விளையாட்டைக் குறை சொல்ல நான் வரவில்லை. வாரம் முழுக்கச் செல்போனுக்குள் குனிந்திருக்கும் பிள்ளைகள் ஒரு நாளாவது மண்ணில் நிற்கிறார்கள். 2010இல் இந்த விளையாட்டுக்கு ஏற்ற ஜீப்பாக மஹிந்திரா தார் வந்தது. 2020 அக்டோபரில் வந்த புதிய தாரில் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் வசதியாக ஏறி உட்கார முடிந்தது. அதுவரை நண்பர் கூட்டமாகப் போய்வந்த ஆண்கள் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நல்லதுதான். என் கவலையெல்லாம் அங்கே போன பிறகு நாம் பிள்ளைகளிடம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றியது. நம்மைப் பற்றியது என்றே சொல்கிறேன், நானும் இந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால்.

அந்த இடம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஜேசிபி வைத்துத் தோண்டிய பள்ளங்கள், டேங்கர் தண்ணீர் விட்டுக் குழைத்த சேறு, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே ஊர்ந்து போக வேண்டிய மேடு, ஒரு சக்கரம் மாற்றி ஒரு சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிவிடும் குழிகள். அப்பா லீவரைத் தள்ளி, நாலு சக்கரத்தையும் மெதுவாக இழுக்க வைக்கும் 'ஃபோர் லோ'வில் போடுகிறார். அம்மா கீழே நின்று போனை நீட்டிக்கொண்டிருக்கிறார். முன் சீட்டில் ஏழு வயதுப் பையன். வண்டி சாயத் தொடங்கியதும் அவன் பக்கக் கண்ணாடி முழுக்க மண். எதிர்ப் பக்கக் கண்ணாடி முழுக்க வானம். "அப்பா, நான் இறங்கிக்கிறேன்பா" என்கிறான். "ஒண்ணும் ஆகாது சாமி, கம்பியப் புடிச்சுக்கோ" என்று பதில் வருகிறது. இரண்டாவது தடவை சொல்லும்போது அவன் குரல் உடைந்திருக்கிறது. கீழேயிருந்து அம்மா, "சிரிடா கண்ணு, வீடியோ எடுக்கிறேன்ல" என்கிறார்.

அவன் கேட்டது என்ன, நாம் கொடுத்தது என்ன? "ஏதாவது ஆகுமா" என்று அவன் கேட்கவே இல்லை. இறங்க வேண்டும் என்றான்.

ஓட்டுகிறவருக்குப் பயம் குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிரேக் அவர் காலடியில், ஸ்டியரிங் அவர் கையில். அடுத்த நொடி வண்டி எந்தப் பக்கம் சாயும் என்பது அவர் உடம்புக்கு முன்கூட்டியே தெரியும். பக்கத்தில் இருக்கிற குழந்தைக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. குழந்தையின் தலை அதன் உடம்போடு ஒப்பிட்டால் பெரியது, கழுத்துச் சதை இளசு. நமக்கு ஒரு சின்ன ஆட்டமாகப் படுவது அதற்குப் பெரிய உலுக்கல். பயணத்தில் குமட்டல் அதிகமாக வருவதும் இரண்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்குத்தான். காலையில் ஊட்டிய இட்லியை அது வாந்தி எடுத்தால், "வண்டி சீட்டப் பாரு" என்று அதட்டுகிறோம்.

மலேசியாவில் 1997இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச், 2014இலிருந்து கோவாவிலும் மழைக்காலத்தில் நடக்கிறது. இந்த விளையாட்டில் நம் நாட்டில் அதற்கு மேல் கடுமையான போட்டி இல்லை என்றே சொல்லலாம். அதில் ஒரு வண்டிக்கு இரண்டு பேர்: ஓட்டுநர், உதவி ஓட்டுநர். இருவர் தலையிலும் ஹெல்மெட், உடம்பில் பாதுகாப்புப் பட்டை, வண்டிக்குள் இரும்புக் கூண்டு. வாழ்நாளெல்லாம் இதிலேயே ஊறியவர்கள் அத்தனை முன்னேற்பாட்டோடு இறங்குகிறார்கள். நாம் நான்காம் வகுப்புப் பிள்ளையை டி-ஷர்ட்டோடு உட்கார வைத்து, கம்பியைப் பிடித்துக்கொள் என்கிறோம். பழைய ஜீப்பாக இருந்தால் இன்னும் மோசம். பின்னால் பக்கவாட்டில் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, பெல்ட் கிடையாது. அதில் அண்ணன் பிள்ளை, தங்கை பிள்ளை, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று ஆறு பேர். நம் வீட்டுப் பிள்ளையோடு ஊரார் பிள்ளைக்கும் சேர்த்து நாமே முடிவெடுத்துவிடுகிறோம்.

"நம்ம வண்டி நாலு ஸ்டார்" என்று சொல்வோர் உண்டு. உண்மைதான். 2020 நவம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் தார் வண்டிக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் நான்கு, குழந்தைகள் பாதுகாப்பில் நான்கு நட்சத்திரம் கிடைத்தது. ஆனால் அந்தச் சோதனையில் குழந்தைகளுக்குப் பதிலாக வைத்தவை ஒன்றரை வயது, மூன்று வயது அளவில் செய்த பொம்மைகள். அவற்றைப் பின் இருக்கையில், குழந்தைகளுக்கான தனி இருக்கையில் இறுக்கிக் கட்டி வைத்துத்தான் மோதிப் பார்த்தார்கள். அந்த நான்கு நட்சத்திரம் அப்படிக் கட்டி உட்கார்ந்த குழந்தைக்கு உரியது. அம்மா மடியில் இருக்கும் குழந்தைக்கு அதில் ஒன்றுகூடக் கிடையாது.

மடி என்றதும் இன்னொன்று. மதியச் சாப்பாடு முடிந்து, மைதானம் காலியாக இருக்கும் நேரம். அப்பா பிள்ளையைத் தன் மடியில் உட்கார வைத்து ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்கிறார். சுற்றி நிற்கிற மாமன், சித்தப்பா எல்லோரும் கைதட்டுகிறார்கள். "நரேன் கார்த்திகேயன் ஊர்க்காரன்டா நீ!" என்று ஒரு குரல். பிள்ளையின் நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அந்த ஸ்டியரிங்குக்குள் காற்றுப்பை மடங்கிக் கிடக்கிறது. விரிய வேண்டி வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும்.

நரேன் கார்த்திகேயனின் பெயரைச் சொல்வதானால் அவர் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் அவர். தந்தை பெயர்பெற்ற ராலி ஓட்டுநர். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவரே 1992இல் பிரான்சில் பந்தயப் பள்ளிக்குப் போய் முறையாகக் கற்றுக்கொண்டார்.

குட்டிப் பிள்ளைகளுக்கென்று ஓரத்தில் விடுகிற நாலு சக்கர ஏ.டி.வி. வண்டியும் இப்படித்தான். டிக்கெட் வாங்கி, பயந்து நிற்கிற குழந்தையைத் தூக்கி ஏற்றி, "அக்சிலேட்டர அமுக்கு, அமுக்கு" என்று கூடவே ஓடுகிறோம். பதினாறு வயது ஆகாதவர்கள் ஏ.டி.வி. ஓட்டவே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. காரணம் எளிது: வண்டி கவிழ்ந்தால் அதன் எடை முழுக்கக் குழந்தையின் மேல் விழும். காட்டில் ஓட்டிப் பழகிய பிள்ளை நாளைக்குத் தெருவிலும் சாவி கேட்கும். பதினெட்டு நிறையாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால், 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அதே திருத்தம்தான், பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட் போடாமல் வண்டியில் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. தனியார் நிலத்தில் போலீஸ் நிற்பதில்லை என்பதால் நாம் இதையெல்லாம் வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறோம்.

அபராதத்தைவிட எனக்கு அதிக வருத்தம் தருவது, நாம் அங்கே பேசுகிற பேச்சு. "ஆம்பளப் புள்ள அழலாமா?" "அங்க பாரு, உன்னவிட ரெண்டு வயசு சின்னப் பொண்ணு, எப்படிச் சிரிச்சிட்டு உட்கார்ந்திருக்கா!" "இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்தது இதுக்கா?" திங்கள் முதல் வெள்ளி வரை மதிப்பெண் கேட்டு, சனிக்கிழமை நீச்சலிலும் கீபோர்டிலும் முன்னேற்றம் கேட்டு, மிச்சம் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தைரியத்தையும் கேட்கிறோம். அந்தச் சின்னப் பெண்ணும் உள்ளுக்குள் என்ன பாடுபட்டாளோ! சிரித்தால்தான் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று அவள் இதற்குள் தெரிந்துகொண்டிருக்கலாம்.

தைரியம் ஊட்டத்தானே கூட்டிப் போகிறோம் என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. ஆனால் இந்த விளையாட்டே அதற்கு வேறு பாடம் வைத்திருக்கிறது. புதிதாக வருகிறவருக்கு அனுபவசாலிகள் முதலில் சொல்வது, தெரியாத பள்ளத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்து, இறங்கு, நடந்து பார் என்பதுதான். எங்கே கல் இருக்கிறது, சேறு எவ்வளவு ஆழம், எந்த லைனில் சக்கரத்தை விட வேண்டும் என்று காலால் மிதித்துப் பார்த்த பிறகே ஏற வேண்டும். ஏற முடியாது என்று பட்டால் ரிவர்ஸ் எடுத்துத் திரும்பிவிட வேண்டும். அப்படித் திரும்பியவரை அங்கே யாரும் கேலி செய்வதில்லை, தோளில் தட்டிக்கொடுப்பார்கள். நாற்பது வயது அப்பா இறங்கிப் பார்த்தால் அது அனுபவம். ஏழு வயது மகன் "இறங்கிக்கிறேன்" என்றால் அது கோழைத்தனமா? தனக்குச் சரிப்படாத இடத்தில் வேண்டாம் என்று சொல்லத் தெரிவது, பின்னாளில் கல்லூரியில், நண்பர்கள் நடுவில், இரவில் யாரோ ஒருவர் பைக்கில் ஏறக் கூப்பிடும்போது அவனைக் காப்பாற்றப்போகிற ஒன்று. அதைத்தான் நாம் அவனிடமிருந்து பிடுங்குகிறோம்.

பிள்ளைகளுக்கு அங்கே என்ன பிடிக்கிறது என்று ஒரு நாள் பொறுமையாகக் கவனியுங்கள். டயரில் காற்றை இறக்கும் 'புஸ்' சத்தம் பிடிக்கிறது. முப்பது சொச்சம் பி.எஸ்.ஐ. இருந்ததைப் பதினெட்டுக்குக் கொண்டுவரும்போது டயர் வயிறு பிதுங்கி மண்ணில் அகலமாக உட்காருவதைக் குனிந்து பார்க்கிறார்கள்; கேஜைக் கையில் கொடுத்தால் ஒவ்வொரு டயராகப் படித்துச் சொல்கிறார்கள். காற்று குறைந்தால் பிடிமானம் ஏன் கூடுகிறது என்று கேட்கிறார்கள், பதில் சொன்னால் அடுத்த கேள்வி கேட்கிறார்கள். சேற்றில் மாட்டிய வண்டியை இன்னொரு வண்டி வின்ச் போட்டு இழுப்பதை வாய் பிளந்து பார்க்கிறார்கள். அந்த வின்ச்சின் இரும்புக் கம்பி அறுந்தால் சாட்டையாக வந்து அடிக்கும் என்பதற்காக நடுவில் கனமான சாக்கையோ பாயையோ போடுவதையும், கம்பியின் நீளத்தைவிட அதிகத் தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பதையும் ஒரு தடவை சொன்னால் போதும், அடுத்து வருகிற பெரியவர்களை அவர்களே தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். ஓரத்தில் ஒதுங்கிய சேற்றில் பொம்மை ஜீப்பை விட்டு விளையாடி, செவசெவ என்று ஆகிவிடுகிறார்கள். நாம் அவர்களை அந்தச் சேற்றிலிருந்து இழுத்து, துடைத்து, பெரிய வண்டியில் ஏற்றுகிறோம்.

யாருக்காக ஏற்றுகிறோம்? அந்த முப்பது நொடி வீடியோ அன்றிரவு யாருடைய ஸ்டேட்டஸில் ஏறுகிறது?

கெட்ட எண்ணத்தோடு எந்த அப்பனும் அம்மாவும் இதைச் செய்வதில்லை. நாம் சின்ன வயதில் பஸ் கூரையிலும் மாட்டு வண்டியிலும் போய் வந்தவர்கள், நமக்கு ஒன்றும் ஆகவில்லை, பிள்ளைக்கும் ஆகாது என்று நம்புகிறோம். நமக்குக் கிடைக்காத வண்டி, நமக்குக் கிடைக்காத ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குக் கிடைக்கட்டும் என்ற ஆசையும் இருக்கிறது. அந்த ஆசை புரிகிறது. அதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன்.

அடுத்த தடவை கிளம்பும்போது இதைச் செய்யுங்கள். மேடு பள்ளத்தில் ஏறுகிற வண்டியில் பெல்ட் உள்ள சீட்டுக்கு ஒருவர் மட்டும். மடியில் யாரும் வேண்டாம், பெஞ்சில் குழந்தைகள் வேண்டவே வேண்டாம். சின்னப் பிள்ளைகள் பார்வையாளர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம், பாட்டியின் மடக்கு நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். வளர்ந்த பிள்ளை ஏற ஆசைப்பட்டால், எளிதான பாதையில், பின் சீட்டில், பெல்ட் போட்டுக் கூட்டிப் போங்கள். புறப்படும் முன் அவனைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாதையை ஒரு தடவை நடந்து காட்டுங்கள். "நடுவுல வேண்டாம்னு தோணினா சொல்லு, நிறுத்திடறேன்" என்று சொல்லுங்கள். அவன் நிறுத்தச் சொன்னால், யார் பார்த்துக்கொண்டிருந்தாலும், போன் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும், தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.