சீண்டலுக்கு ஆளாகும் பிள்ளைகளுக்கு ஒரு குறுஞ்செய்தி எண்: சின்னசேலம் பெற்றோரின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
பெற்றோர் சங்க நிர்வாகிகள் மற்றும் உறுப்பினர்கள்,
சின்னசேலம் வட்டாரம், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கள்ளக்குறிச்சி.

நகல்: முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர், மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலர்.

பொருள்: 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவ, மாணவியரிடையே நடக்கும் சீண்டல், மிரட்டலைத் தடுக்கக் கைபேசிக் குறுஞ்செய்திச் சேவை தொடங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,

சின்னசேலம் வட்டாரத்திலும் கல்வராயன் மலையிலும் 6, 7, 8ஆம் வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் நாங்கள். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது, சாதி சொல்லிக் குத்துவது, கூட்டாகச் சேர்ந்து ஒரு பிள்ளையை ஒதுக்குவது, காசு பிடுங்குவது, அடிப்பது என்று எங்கள் பிள்ளைகளுக்குள் நடப்பவை முற்றிப்போன பிறகுதான் எங்கள் காதுக்கு வருகின்றன. தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளவும் தடுக்கவும் சாதாரணக் குறுஞ்செய்தியை அரசு பயன்படுத்த வேண்டும் என்று கேட்டு, மக்கள் குறைதீர் நாளில் இம்மனுவை அளிக்கிறோம்.

இந்த மூன்று வகுப்புகளை மட்டும் குறிப்பிடக் காரணம் உண்டு. ஐந்தாம் வகுப்பு வரை பல பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பள்ளியில் படிக்கிறார்கள். எல்லா முகமும் தெரிந்த முகம். ஆறாம் வகுப்பில் பெரிய பள்ளி, நெரிசலான பேருந்து, பல ஊர்ப் பிள்ளைகள், தன்னைவிட நான்கைந்து வயது மூத்தவர்கள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் மாறிவிடுகிறது. அடி வாங்கிய பிள்ளை ஆசிரியரிடம் சொன்னால் ‘போட்டுக்கொடுத்தவன்’ என்ற பெயர் வாங்கி மறுநாள் இரட்டிப்பாகப் படுகிறான். வீட்டில் சொன்னால் ‘நீ என்ன செய்தாய்?’ என்ற கேள்விதான் முதலில் வருகிறது. பெற்றோராகிய நாங்களே அப்படிக் கேட்கிறோம் என்பதால், பிள்ளைகளின் மௌனத்துக்குப் பள்ளியை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

புகார் சொல்லும் பிள்ளையின் பாதுகாப்பு எவ்வளவு முக்கியம் என்பதை நாங்குநேரியில் நடந்த சம்பவம் காட்டியது. 2023 ஆகஸ்ட் 9 அன்று அங்கே பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். தன்னைத் துன்புறுத்துவது பற்றி அம்மாணவர் பள்ளியில் சொன்ன பிறகே இது நடந்தது என்று அப்போது செய்திகள் வெளிவந்தன. அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு முதலான அடையாளங்களைப் பள்ளிகளில் தடுக்க வேண்டும், 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நல அலுவலரை நியமிக்க வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளில் சில. சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு 1996இல் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகுதான் ராகிங் தடைச் சட்டம் 1997இல் வந்தது. இரண்டு முறையும் ஒரு குடும்பத்தின் ரத்தம் சிந்திய பிறகே அரசு அசைந்திருக்கிறது. மூன்றாவது முறை அப்படி வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறோம்.

இப்போது உள்ள வழிகளை நாங்கள் குறைத்து மதிக்கவில்லை. பள்ளிகளில் பிள்ளைகள் குறைகளை எழுதிப் போட ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவி எண்களும் உள்ளன. ஆனால் எல்லோர் கண்ணும் படும் இடத்தில் இருக்கும் பெட்டியில் சீட்டுப் போட நடுங்கும் பிள்ளை உண்டு. கையெழுத்தை வைத்தே யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. உதவி எண்ணை அழைத்தால் வாய்திறந்து பேசியாக வேண்டும். ஓர் அறையும் திண்ணையும் உள்ள வீட்டில், அண்ணனும் பாட்டியும் கேட்டுக்கொண்டிருக்க, பன்னிரண்டு வயதுப் பெண் என்ன பேசுவாள்? இரண்டு வரி தட்டி அனுப்ப அவளால் முடியும்.

2022 ஜூலையில் எங்கள் பகுதியில் நடந்ததையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கனியாமூரில் ஒரு மாணவியின் மரணத்தைத் தொடர்ந்து ஜூலை 17 அன்று பள்ளி சூறையாடப்பட்டது, பேருந்துகள் கொளுத்தப்பட்டன. வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக ஆட்கள் திரட்டப்பட்டதாகக் காவல்துறை கூறியது. அந்த வழக்கின் உள்ளே செல்வது எங்கள் நோக்கம் இல்லை. நம்பிக்கையான செய்தி வழி ஒன்று இல்லாத ஊரில் வதந்தி எத்தனை வேகமாக ஓடும் என்பதை நாங்கள் கண்ணால் கண்டோம். அதே கைபேசி ஒரு பிள்ளையைக் காக்கவும் பயன்பட வேண்டும்.

இதற்கு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவில் மிஷெல் இபாரா, டோரதி எஸ்பெலேஜ் உள்ளிட்ட ஆய்வாளர்கள், நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ‘புல்லி டவுன்’ என்ற குறுஞ்செய்தித் திட்டத்தை உருவாக்கி 2016இல் அதுபற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். கோபத்தை அடக்குவது, அடுத்தவர் வலியை உணர்வது, வேடிக்கை பார்க்காமல் துணை நிற்பது ஆகியவற்றைச் சிறு சிறு செய்திகளாகப் பிள்ளைகளின் கைபேசிக்கே அனுப்பும் முறை அது. அங்கே பிள்ளைக்குத் தனிக் கைபேசி. இங்கே வீட்டுக்கு ஒன்று. ஆகவே அதை அப்படியே எடுத்தாள முடியாது, எங்கள் வீடுகளுக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

எங்கள் முதன்மைக் கோரிக்கை, பிள்ளைகள் குறுஞ்செய்தி அனுப்புவதற்கென்று எளிதில் நினைவில் நிற்கும் இலவச எண் ஒன்று. செய்தி நேரே பள்ளிக்குப் போகக் கூடாது. சிற்றூரில் தலைமை ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், சீண்டிய பையனின் தகப்பனார் எல்லோரும் உறவோ, சாதிக்கட்டோ, கொடுக்கல் வாங்கலோ உள்ளவர்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் படித்து, 24 மணி நேரத்துக்குள் செயல்பட வேண்டும். பிள்ளைக்குப் போகும் பதில் வீட்டுக் கைபேசியில் யார் கண்ணிலும் படலாம். எனவே ‘உங்கள் செய்தி கிடைத்தது’ என்பதற்கு மேல் அதில் எதுவும் இருக்கக் கூடாது. மேற்கொண்டு பேசுவது நேரில், வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகச் சந்திக்கும் ஆலோசனை நேரத்தில் நடக்கட்டும். அப்போது புகார் சொன்ன பிள்ளை தனித்துத் தெரியாது. பதில் சொல்ல ஆள் இல்லாமல் எண்ணை மட்டும் அறிவிப்பதாக இருந்தால், அதைத் தொடங்கவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். துணிந்து ஒருமுறை சொல்லியும் யாரும் வராவிட்டால் அந்தப் பிள்ளை மறுபடி வாயே திறக்காது.

அடுத்து, வாரம் இரண்டு முறை மாலை வேளையில் பெற்றோர் எண்ணுக்குத் தமிழில் செய்தி அனுப்ப வேண்டும், பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து படிக்கும்படி. தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 இடங்களே. மெய், புள்ளி, உயிர்க்குறி எல்லாம் தனித்தனியே கணக்காவதால் ‘நில்’ என்று எழுதினாலே நான்கு இடம் போய்விடும். அதிகார நடையில் எழுதினால் ஒரு வாக்கியமும் அடங்காது. “நண்பனைக் கேலி செய்யும்போது உடன் சிரிக்காதே. அவன் பக்கத்தில் போய் நில்.” என்பது ஒரே செய்தியில் அடங்கும். இப்படி எழுத இங்குள்ள ஆசிரியர்களே முன்வருவார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி மொத்தமாக அனுப்பும் செய்திகளின் தலைப்பும் வாசக வடிவமும் முன்பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதால், பள்ளி திறக்கும் ஜூனுக்கு முன்பே இந்தப் பணி முடிய வேண்டும்.

கல்வராயன் மலை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழு போதுமே என்று அதிகாரிகள் நினைக்கலாம். வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் அப்பால் உள்ள குக்கிராமங்களில் இணையம் நிலையாகக் கிடைப்பதில்லை. பல வீடுகளில் பொத்தான் கைபேசிதான். குறுஞ்செய்தியோ சிக்னல் வரும் வரை காத்திருந்து வந்து சேரும். ஆனால் பெற்றோர் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் வேலைக்குப் போய்விடும் வீடுகளில், பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பதிவான எண் தகப்பனாரோடு வெளி மாநிலத்தில் இருக்கும், பிள்ளை பாட்டியோடு மலையில் இருக்கும். பிள்ளையோடு இருப்பவரின் எண்ணை இரண்டாம் எண்ணாகப் பதிய வேண்டும். பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் கையில் கைபேசியே இல்லை. இரவும் பகலும் சீண்டுபவரோடு ஒரே கூரைக்குள் இருப்பவர்கள் அவர்கள்தான். செய்தி அனுப்ப மட்டும் பயன்படும் கைபேசி ஒன்றை ஒவ்வொரு விடுதியிலும் காப்பாளர் அறைக்கு வெளியே வைக்கக் கோருகிறோம். அனுப்பியவுடன் செய்தி அதிலிருந்து அழிந்துவிட வேண்டும்.

எண்களையும் புகார்களையும் வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. ஒப்புதல் படிவத்தைத் தமிழில், ஒரே பக்கத்தில் தந்தால் நாங்களே வீடு வீடாகச் சென்று விளக்கிக் கையொப்பம் பெற்றுத் தருகிறோம்.

சீண்டும் பிள்ளையும் எங்கள் பிள்ளைதான். புகார் வந்ததும் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பினால் அவன் அடுத்த பள்ளியில் அதையே செய்வான், இல்லையேல் படிப்பை விட்டுவிடுவான். அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் ஆலோசனை தர வேண்டும். பாலியல் சீண்டல், ஆயுதம், சாதி வன்கொடுமை ஆகியவற்றில் மட்டும் சமரசப் பேச்சே கூடாது. போக்சோ முதலிய சட்டங்களின்படி உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்.

வரும் கல்வியாண்டில் சின்னசேலம், கல்வராயன் மலை ஆகிய இரு ஒன்றியங்களிலும் இச்சேவையைச் சோதனை முறையில் தொடங்க ஆணையிடுமாறு வேண்டுகிறோம். அதற்கு முன் கல்வித் துறை, குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பழங்குடியினர் நலத் துறை, பெற்றோர் பிரதிநிதிகள் கலந்துகொள்ளும் கூட்டத்துக்கு நாள் குறித்து, இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர் சங்க நிர்வாகிகள் மற்றும் உறுப்பினர்கள்,
சின்னசேலம்.

இணைப்பு: பெற்றோர் கையொப்பப் பட்டியல், குறுஞ்செய்தி மாதிரி வாசகங்கள்.