குதிரைச் சக்தியும் மலைச் சரிவும்

மலையடிவாரச் சங்கம் ஒன்றிற்கு அண்மையில் தணிக்கைக்காகச் சென்றிருந்தேன். டிராக்டர் வாங்குவது பற்றி நிர்வாகக் குழுவினர் நெடுநேரம் விவாதித்தனர். "எத்தனை குதிரைச் சக்தி?" என்பதே எல்லோருடைய கேள்வியாக இருந்தது. எவ்வளவு பாரத்தை, எந்தச் சரிவில் இழுக்கப் போகிறது என்று ஒருவரும் வினவவில்லை.

அங்கத்தினர்கள் இந்தக் கணக்கைச் சற்றே சிந்திக்க வேண்டும். டிராக்டர் 2 டன், நான்கு சக்கர டிரெய்லர் 1 டன், விளைபொருள் 4 டன். ஆக 7 டன். சமமான சாலையில் இதை இழுக்க ஏறத்தாழ 140 கிலோ விசை போதும். பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்திலோ, எடையில் பத்தில் ஒரு பங்கான 700 கிலோ கூடுதலாக வேண்டும். மொத்தம் 840 கிலோ. அதாவது ஆறு மடங்கு! மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்குச் சக்கரத்தில் 31 குதிரைச் சக்தி தேவை. கியரைக் குறைத்து 5 கிலோமீட்டரில் ஏறினால் அதில் பாதி போதும்.

ஆனால் சக்தி இருந்தும் பிடிப்பு இல்லையேல் பயனில்லை. பின் சக்கரங்களின் மேல் 1,300 கிலோ எடை இருப்பதாகக் கொள்வோம். நனைந்த மண் பாதையில் அதில் பாதியளவு, அதாவது 650 கிலோ, பிடிப்புக் கிடைப்பதே அரிது. எஞ்சின் எவ்வளவு பெரிதாயினும் சக்கரம் வீணே சுழலும். பாரத்தை 2 டன்னாகக் குறைத்தாலோ 600 கிலோ விசையே போதும், வண்டி ஏறிவிடும்.

ஏறுவதைவிட இறங்குவது அபாயமானது. பிரேக் இல்லாத டிரெய்லர் டிராக்டரைப் பின்னிருந்து தள்ளிப் பக்கவாட்டில் மடக்கிவிடும். டீசலை மிச்சப்படுத்தக் கருதி நியூட்ரலில் இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும். எந்தக் கியரில் ஏற முடியுமோ அந்தக் கியரை உச்சியிலேயே போட்டுக்கொண்டு இறங்குவதே முறை. மாட்டு வண்டிக் காலத்தில் மேடேற மற்றொரு சோடி மாட்டைக் கட்டிய நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர்.

ஆகவே, சங்கங்கள் மூன்று தீர்மானங்களை நிறைவேற்றுதல் நலம். தம் பாதையின் மிகச் செங்குத்தான இடத்தை அளந்து, மழைக்காலத்துக்கும் வெயில்காலத்துக்கும் தனித்தனியே பார அளவை நிர்ணயித்து டிரெய்லரில் எழுதிவைக்க வேண்டும். தனி பிரேக் உள்ள டிரெய்லரையே மலைக்கு அனுப்ப வேண்டும். அளவு மீறிய பாரத்தை மறுக்கும் உரிமையை ஓட்டுநருக்கு அளிக்க வேண்டும்.

இரண்டு நடை போனால் டீசல் செலவு கூடும் என்பர். உண்மையே. ஆனால் அச்செலவை அடுத்த மாதக் கணக்கில் ஈடுகட்டலாம். பள்ளத்தில் உருண்ட ஓட்டுநரின் உயிரை எந்தக் கணக்கில் ஈடுகட்டுவது?