பனியில் உறையும் தமிழெழுத்து

மைசூர் விஜயநகரில் அறையெடுத்துத் தங்கி, மானசகங்கோத்திரி வளாகத்தில் ஆய்வு செய்யும் தமிழ் மாணவர் ஒருவர், டிசம்பர் மாதக் கல்விக் கருத்தரங்கு ஒன்றுக்குச் சுவரொட்டி வடிவமைக்கிறார் எனக் கொள்ளலாம். தலைப்பெழுத்துகள் பனிக்கட்டியில் செதுக்கியவைபோல் தோன்றவேண்டும் என்பது அவரது விருப்பம்.

ஃபோட்டோஷாப்பில் அதற்கான வழி எளியது. கரும் பின்புலத்தில் தடித்த வெள்ளெழுத்தாகத் தலைப்பை இட்டு, எழுத்தடுக்கை 'ராஸ்டரைஸ்' செய்து, பின்புலத்தோடு இணைக்க வேண்டும். 'கிறிஸ்டலைஸ்' வடிப்பான் எழுத்தின் விளிம்புகளைப் படிகங்களாக உடைக்கும். பிறகு படத்தை 90 பாகை திருப்பி, 'விண்ட்' வடிப்பானை இரண்டு மூன்று முறை செலுத்தி, மீண்டும் நிமிர்த்தினால், எழுத்துகளின் அடியில் பனித்தாரைகள் தொங்கும். இறுதியில் இளநீலச் சாயல் ஏற்றினால் பணி முடிந்தது.

இவ்வழிமுறை உரோமன் எழுத்தை மனத்தில் கொண்டு உருவானது. தமிழுக்கு அதை அப்படியே பொருத்தும்போது முதலில் பலியாவது புள்ளி. படிகத்தின் அளவு புள்ளியின் அளவைவிடப் பெரிதானால் புள்ளி கரைந்துவிடும். 'கல்வி' என்னும் சொல் 'கலவி' ஆவதற்கு அந்த ஒரு புள்ளி போதும். ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் வேறுபடுத்தும் சுழிக்கும் இதே ஆபத்து உண்டு.

இரண்டாம் இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. 'ராஸ்டரைஸ்' செய்த கணமே எழுத்து எழுத்தாக இருப்பதில்லை. அது வண்ணப் புள்ளிகளின் தொகுப்பாகிவிடுகிறது. அதைத் திருத்தவோ, தேடவோ, நகலெடுக்கவோ இயலாது. பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் அதன்முன் ஊமையாகிறது. எழுத்துணரி மென்பொருள் இருக்கிறதே எனலாம். ஆனால் அம்மென்பொருள் தடுமாறுவதே இத்தகைய அலங்கார எழுத்தில்தான்.

இவ்விழப்பின் பொருளை மைசூர் நன்கறியும். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டியல் பிரிவு 1966-இல் உதகமண்டலத்திலிருந்து இந்நகருக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் இங்கே காக்கப்பட்டன. அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் உத்தரவிட்டது. ஈரத்தாளைக் கல்லின்மேல் அறைந்து, மை ஒற்றி எடுக்கப்படும் மைப்படியும் ஒருவகைப் படமே. அதிலுள்ள எழுத்தை அறிஞர் ஒருவர் படித்துப் பெயர்த்தெழுதும்வரை அதிலுள்ள ஊரும் பேரும் தேடுவோர்க்குக் கிட்டுவதில்லை. பழைய கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படாததால், இடமறிந்து அதைச் சேர்த்துப் படிப்பதே அவர்தம் புலமைக்கு ஒரு சோதனை. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையின் முதல் தொகுதி வெளிவந்தது 1890-இல். படமாக இருப்பதைப் பனுவலாக்கும் அவ்வுழைப்பு இன்னும் முற்றுப்பெறவில்லை. மறுபுறம், பனுவலாகவே பிறக்கும் அறிவிப்புகளைத் தமிழ்த்துறைகள் நாள்தோறும் படமாக்கிக்கொண்டிருக்கின்றன.

இதற்கு நியாயமான ஒரு காரணமும் சொல்லப்படுகிறது. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் ஒருங்குறித் தமிழை இட்டால் கொம்பு இடம்மாறி நிற்கும். அதற்கு அஞ்சியே பலரும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை நாடினர். படமாக்கி அனுப்பினால்தான் எழுத்து சிதையாது என்ற பழக்கமும் வேரூன்றியது. ஆனால், தெற்காசிய எழுத்துகளுக்கான தளவமைப்பு வசதி இன்று அம்மென்பொருளிலேயே உள்ளது. காரணம் நீங்கியபின்னும் பழக்கம் நீடிப்பது சோம்பல் அன்றி வேறில்லை.

அழகைக் கைவிட வேண்டியதில்லை. எழுத்தடுக்கின் மூலத்தைத் தனியே காத்து, அதன் நகலை மட்டும் உறையவைக்கலாம். 'ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்' ஆக மாற்றிவிட்டு வடிப்பான்களைச் செலுத்தினால், உள்ளிருக்கும் எழுத்து திருத்தத்தக்கதாகவே இருக்கும். படிகத்தின் அளவைப் புள்ளியைவிடச் சிறிதாக வைக்கலாம். புள்ளி கரைந்திருந்தால் கையால் மீண்டும் இடலாம். தலைப்பை மட்டும் பனியாக்கி, நாள், இடம், உரையாளர் பெயர் ஆகியவற்றைப் படத்தோடு தட்டச்சிட்ட உரையாகவும் வெளியிடலாம். படத்துக்கான மாற்றுரையையும் எழுதலாம். இவை அனைத்துக்கும் பத்து நிமிடங்களுக்கு மேல் ஆகாது.

கல்லில் வெட்டியவருக்குத் தேடத்தக்க பனுவலாகப் படியெடுத்துவைக்கும் வாய்ப்பு இருக்கவில்லை. விஜயநகர் அறையில் கணினிமுன் அமர்ந்திருக்கும் மாணவருக்கு அது இருக்கிறது. அவர் செய்யத் தவறினால், அந்தக் கருத்தரங்கில் யார் எதைப் பற்றிப் பேசினார் என்று தேடும் நாளைய ஆய்வாளர், அவருடைய சுவரொட்டியையும் மைப்படியைப் படிப்பதுபோல் எழுத்தெழுத்தாகப் பெயர்த்தெழுத நேரும்.